சாய்ந்த தலையைக் கிட்டார் கழுத்தோடு ஒட்டும்போது இணைப்பு எங்கே விழ வேண்டும்?

கேள்வி: கம்மனஹள்ளி மரத்தூள்

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரு கம்மனஹள்ளியில் வாடகை வீட்டு மொட்டைமாடி அறையொன்றில், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் உட்கார்ந்து, எஃகுக் கம்பி பூட்டும் அக்கூஸ்டிக் கிட்டார் ஒன்றை முதன்முறையாகச் செய்து வருகிறேன். உடற்பகுதி ஓரளவு தேறிவிட்டது. கழுத்தில் வந்துதான் சிக்கிக்கொண்டேன்.

மைசூரு சாலை டிம்பர் யார்டு லேஅவுட்டில் மஹோகனி என்று வாங்கிய பலகையை 20 மி.மீ. தடிப்பு, 75 மி.மீ. அகலம், 800 மி.மீ. நீளத்துக்கு இழைத்து வைத்திருந்தேன். தலை 15 டிகிரி பின்னால் சாய வேண்டும் என்பதற்காக ஸ்கார்ஃப் ஜாயின்ட் எனப்படும் சாய்வொட்டு முறையைத் தேர்ந்தேன். பலகையின் தடிப்பைச் சரிவாக அறுத்து, அறுபட்ட குட்டைத் துண்டைப் புரட்டி, நீளத்துண்டின் சரிவு முகத்தின் மேல் படுக்கவைத்து ஒட்டினேன். மறுநாள் கிளாம்பைக் கழற்றிப் பார்த்தபோது, தலைத்துண்டு 3 மி.மீ. அளவுக்கு வெளிப்பக்கம் நழுவியிருந்தது; ஒரு டிகிரி அளவுக்குத் திரும்பியும் இருந்தது. போதாக்குறைக்கு, கழுத்தின் முதுகில் கூர்விளிம்பு முடிகிற இடத்தில் ஓர் இடைவெளி தெரிகிறது. நகத்தை வைத்தால் நகம் இறங்குகிறது.

இதைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு பலகை வாங்குவதற்கு முன்பு சில ஐயங்களைத் தீர்த்துக்கொள்ள விரும்புகிறேன். சிலர் இணைப்பை ஃபிரெட்போர்டுக்கு (விரல் அழுத்தும் மேல்பலகைக்கு) அடியில் வரும்படி வைக்கிறார்கள். சிலர் தலைக்குள்ளேயே வரும்படி வைக்கிறார்கள். எஃகுக் கம்பியின் இழுவைக்கு இவற்றில் எது தாங்கும்? பசை தடவியதும் வழுக்கிக்கொண்டு ஓடுகிற துண்டை எப்படி நிறுத்துவது? என் தெருவில் கதவு, ஜன்னல் செய்கிற மேஸ்திரி ஒருவர், "என்ன செய்தாலும் ஒட்டுப்போட்டது ஒட்டுப்போட்டதுதான், தடித்த கட்டையாக வாங்கி ஒரே துண்டில் கடைந்துவிடு" என்கிறார். அவர் சொல்வதில் உண்மை உண்டா?

பதில்: அல்சூர் பட்டறை

வணக்கம் தம்பி. வேறு பலகை வாங்க அவசரப்பட வேண்டாம். முதலில் ஒரு வெள்ளைத்தாளில் கழுத்தின் பக்கவாட்டுத் தோற்றத்தை முழு அளவில் வரையுங்கள். கடைந்து முடித்த பிறகு கழுத்து எவ்வளவு தடிப்பில் நிற்கும், தலை எவ்வளவு தடிப்பில் நிற்கும் என்ற இரண்டையும் அந்தப் படத்தில் குறித்துவிட்டு, அதன் மேல் பசைக்கோட்டை வரைந்து பாருங்கள். படங்களில் பார்க்கும் இரண்டு முறைகளில் எது நல்லது என்ற வாதம் பல ஆண்டுகளாக ஓய்ந்தபாடில்லை என்றால், அதற்குக் காரணம் அவரவர் கடைசித் தடிப்பை வெளியே சொல்லாமல் வாதிடுவதுதான்.

பேச்சு வசதிக்காக, நீங்கள் செய்திருப்பதைக் கழுத்தொட்டு என்றும் மற்றதைத் தலையொட்டு என்றும் வைத்துக்கொள்வோம். கழுத்தொட்டில் தலைத்துண்டின் அடிமுகம் நீளத்துண்டின் சரிவு மேல் படிகிறது. தலைத்துண்டின் சொந்தச் சரிவு மேலே வந்து ஃபிரெட்போர்டு உட்காரும் தளத்தின் தொடர்ச்சியாகிவிடுகிறது. தலையொட்டில் தலைத்துண்டு நீளத்துண்டுக்கு அடியில் போகிறது; அதன் சரிவு நீளத்துண்டின் அடிமுகத்தில் ஒட்டிக்கொள்ள, நீளத்துண்டின் சரிவு தலையின் முகமாக மாறிவிடுகிறது. எப்படிச் செய்தாலும் இரண்டு சரிவுகளில் ஒன்றில்தான் பசை படும், மற்றொன்று வெளியே தெரியும் தளமாகும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் குழப்பம் பாதி தீரும்.

20 மி.மீ. பலகையை 15 டிகிரியில் அறுத்தால் சரிவின் நீளம் சுமார் 77 மி.மீ. வரும். கழுத்தொட்டில் இந்தப் பசைக்கோடு நட்டிலிருந்து (கழுத்தும் தலையும் கூடும் இடத்தில் கம்பிகளைத் தாங்கும் சிறு கட்டையிலிருந்து) உடல் பக்கமாக 77 மி.மீ. தள்ளி மேற்பரப்பில் தொடங்கி, கீழிறங்கிக்கொண்டே வந்து, நட்டுக்கு ஏறத்தாழ 3 மி.மீ. முன்பாக 20 மி.மீ. ஆழத்தில் முடியும். ஆனால் ஃபிரெட்போர்டு நீங்கலாகக் கழுத்தில் 15 மி.மீ. மரத்தைத்தான் நீங்கள் விட்டுவைக்கப் போகிறீர்கள். அப்படிக் கடைந்தால், பசைக்கோடு நட்டுக்கு 21 மி.மீ. முன்பாகவே முதுகில் வெளியேறிவிடும். அந்த 21 மி.மீ. தூரத்துக்குக் கழுத்தில் இருப்பதெல்லாம் தலைத்துண்டின் மரம். அதன் நாரோட்டம் கழுத்தின் போக்குக்கு 15 டிகிரி குறுக்கே ஓடுகிறது. கிட்டார் மல்லாக்க விழுந்தால் பிளக்கத் தோதான இடம் அதுதான்.

இதற்கு மருந்து எளிது. ஒட்டுவதற்கு முன்பே தலைத்துண்டை 16 மி.மீ. தடிப்புக்கு இழைத்துவிடுங்கள். அப்போது பசைக்கோடு நட்டிலிருந்து 62 மி.மீ. தொலைவில் தொடங்கி, முதுகில் நட்டுக்கு ஏறத்தாழ 6 மி.மீ. தூரத்தில் வந்து முடியும். அதிரும் கம்பி நீளம் 650 மி.மீ. உள்ள கிட்டாரில் முதல் ஃபிரெட் (குறுக்கே பதித்த உலோகக் கம்பி) 36 மி.மீ. தொலைவிலும் இரண்டாவது ஃபிரெட் 71 மி.மீ. தொலைவிலும் இருக்கும் என்பதால், இணைப்பின் மேல் கூர்விளிம்பு அவ்விரண்டுக்கும் இடையில், ஃபிரெட்போர்டின் அடியில் பத்திரமாகப் பூட்டப்பட்டுவிடும். எஃகுக் கம்பிக் கிட்டாருக்கு நான் இப்படித்தான் செய்கிறேன்.

கிளை விஷயமாக ஒன்று. மஹோகனி என்ற பெயரில் இங்கே பல மரங்கள் கைமாறுகின்றன. ஆப்பிரிக்கக் காயா மரமும் அந்தப் பெயரிலேயே வரும். அதுவும் கழுத்துக்கு நல்ல மரம்தான் என்றாலும், உண்மையில் எது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டால் மல்லேஸ்வரத்தில் உள்ள மர அறிவியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஒரு துண்டைக் கொடுத்துக் கேட்கலாம்.

பதில்: பலாக்கட்டை

மேஸ்திரியின் வாக்குக்கு மட்டும் நான் பதில் சொல்ல வந்தேன். பேச்சு சற்று நீண்டுவிட்டால் பொறுத்தருள வேண்டும். நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரன், பெங்களூருக்கு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. எங்கள் ஊரில் வீணை செய்கிறவர்களிடம் இதே வாதம் வேறு பெயரில் உண்டு. குடம், தண்டி, யாளி முகம் எல்லாவற்றையும் ஒரே பலா மரத்தில் குடைந்து எடுத்தால் அது ஏகாந்த வீணை. தனித்தனியாகச் செய்து பொருத்தினால் அது ஒட்டு வீணை. ஏகாந்த வீணைக்கு மதிப்பும் விலையும் அதிகம் என்பது உண்மைதான். ஆனால் ஒட்டு வீணையில் தலைமுறை தலைமுறையாக வாசித்து வருகிறார்கள்; ஒட்டு விட்டுப்போகிறது என்று யாரும் அதை ஒதுக்கிவைக்கவில்லை.

கிட்டாரில் நிலைமை இன்னும் ஒரு படி மாறுகிறது. வீணையின் தண்டியும் யாளி முகமும் கூடும் இடத்தில் இல்லாத ஒரு சிக்கல் கிட்டார் நட்டில் இருக்கிறது. ஒரே கட்டையில் தலையைச் சாய்வாகக் கடையும்போது, நாரோட்டம் கழுத்தின் நெடுகே நேராக வந்து, தலைக்குள் நுழைந்ததும் முதுகுப் பக்கமாக வெளியேறிவிடுகிறது. நார் குட்டைக் குட்டையாக அறுபட்டு நிற்கிற அந்த இடத்தில்தான் பட்டறைக்கு வரும் தலை முறிந்த கிட்டார்களில் பெரும்பாலானவை முறிந்திருக்கின்றன. கிப்சன் நிறுவனம் ஒற்றைத் துண்டு மஹோகனிக் கழுத்தில் தலையை 17 டிகிரி சாய்த்து வந்தது. 1960-களின் நடுவில் அதை 14 டிகிரியாகக் குறைத்தது. சாய்வு குறையக் குறைய நார் அறுபடுவதும் குறையும். ஃபெண்டர் கிட்டார்களிலோ தலை சாய்வதே இல்லை. அதற்குப் பதிலாகக் கம்பியைக் கீழே அமுக்கிப் பிடிக்கச் சிறு கொக்கி ஒன்றைத் தலையில் திருகியிருப்பார்கள்.

ஆகவே, உங்கள் மேஸ்திரி பலம் என்று நினைத்துச் சொல்கிற ஒற்றைத் துண்டுதான் இந்த ஒரு வேலைக்குப் பலவீனமானது. கதவுச் சட்டத்துக்கு அவர் சொல்வது சரி. அங்கே நார் நேராக ஓடும். செலவையும் கணக்கிடுங்கள். 180 மி.மீ. நீளமுள்ள தலையை 15 டிகிரி சாய்வில் ஒரே கட்டையில் எடுக்க 60 மி.மீ. தடிப்புள்ள மரம் வேண்டும். அதில் பெரும்பகுதி சீவலாகக் குப்பைக்குப் போகும்.

இனி, அல்சூர் ஐயாவுடன் ஒரு சிறு கருத்து வேறுபாடு. அவர் தலையொட்டைத் தொடாமலே போய்விட்டார். நான் நைலான் கம்பிக் கிட்டார்தான் செய்கிறேன். தலையில் நீளத் துளை வெட்டி, கம்பியை முறுக்கும் டியூனரைப் பக்கவாட்டில் பூட்டுவதால் தலையை 20 மி.மீ. தடிப்பிலேயே விட்டுவிடுகிறேன். அந்தத் தடிப்பில் தலையொட்டின் பசைக்கோடு ஏறத்தாழ நட்டுக்கு நேர் அடியில் தொடங்கி, தலையின் முகத்தில் 77 மி.மீ. தள்ளி வெளிவருகிறது, முகத்தில் ஒட்டும் வெனீர் என்ற மெல்லிய மரத்தகடு அந்தக் கோட்டை முழுவதும் மறைத்துவிடுகிறது. கழுத்தைப் பக்கவாட்டில் பார்த்தால் ஒரு கோடுகூடத் தெரியாது. துளைகள் பசைப்பரப்பில் கொஞ்சம் தின்றுவிடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். என்றாலும் நைலான் கம்பிகளின் மொத்த இழுவை 40 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். உங்கள் எஃகுக் கம்பிகளோ 70 கிலோவுக்கு மேல் இழுக்கும்.

பதில்: அல்சூர் பட்டறை

பலாக்கட்டை ஐயா சொல்வது முற்றிலும் சரி. தலை 20 மி.மீ. நின்றால் நானும் தலையொட்டைத்தான் சொல்வேன். தம்பி செய்வது எஃகுக் கம்பிக் கிட்டார்; டியூனர் தண்டு மேலே எட்டிப் பார்க்க வேண்டும் என்பதால் தலையை 15 மி.மீ. அளவுக்கு மெலிய வைத்தாக வேண்டும். அந்தத் தடிப்பில் தலையொட்டு செய்தால் பசைக்கோடு நட்டைத் தாண்டி 17 மி.மீ. போன பிறகுதான் தலையின் முதுகில் தென்படும். நட்டுக்கும் அந்தக் கோட்டுக்கும் இடைப்பட்ட பகுதி, ஒற்றைத் துண்டுக் கழுத்தைப் போலவே குட்டை நாராக நிற்கும். அதாவது, இவ்வளவு பாடுபட்டு ஒட்டியும் எந்த நோய்க்காக ஒட்டினோமோ அந்த நோய் அப்படியே இருக்கும். தடிப்பை முதலில் முடிவு செய்யுங்கள் என்று நான் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

மார்ட்டின் கிட்டார்கள் சிலவற்றின் கழுத்து முதுகில், தலை தொடங்கும் இடத்தில் வைரம் போன்ற ஒரு புடைப்பு இருக்கும். தலையைத் தனித்துண்டாகச் செய்து கழுத்தில் பொருத்திய பழைய காலத்து இணைப்பின் மிச்சம் அது. இன்று அலங்காரத்துக்காக நின்றாலும், அந்த இடத்தில் இரண்டு மி.மீ. மரத்தைக் கூடுதலாக விட்டுவைப்பது கெட்ட யோசனை அல்ல.

பதில்: சாய்தளம்

நழுவலைப் பற்றிய கேள்விக்கு இன்னும் யாரும் வரவில்லை என்பதால் நான் எடுத்துக்கொள்கிறேன். ஒயிட்ஃபீல்டில் இயந்திர வடிவமைப்பு வேலை பார்க்கிறேன். கிட்டார் எனக்கும் ஞாயிற்றுக்கிழமை வேலைதான்.

துண்டு நழுவியதற்கு உங்கள் கைத்தவறு காரணம் அல்ல. சாய்தளம் தன் வேலையைச் செய்திருக்கிறது. கிளாம்பைப் பொருத்தும்போது, மேலேயும் கீழேயும் இணையாக இருக்கிற முகங்களைத்தான் கை தேடும். ஆனால் அந்த முகங்கள் பசைத்தளத்துக்கு 15 டிகிரி சாய்ந்தவை. கிளாம்ப் 100 கிலோ அழுத்தினால் அதில் 26 கிலோ சரிவின் வழியே துண்டைக் கீழ்நோக்கித் தள்ளும்; பசை ஈரமாக இருக்கும்போது அதைத் தடுத்து நிறுத்த உராய்வு போதாது. சரிவை அறுக்கும்போது கிடைக்கிற கழிவிலிருந்தே 15 டிகிரி ஆப்பு ஒன்றைச் செதுக்கி, கிளாம்பின் தாடைக்கும் மரத்துக்கும் இடையில் வைத்தால், அழுத்தம் பசைத்தளத்துக்குச் செங்குத்தாக இறங்கும். தள்ளும் விசை மறைந்துவிடும். இதற்கு மேல் பாதுகாப்பு வேண்டுமென்றால், நீளத்துண்டைப் பெஞ்சோடு இறுக்கிவிட்டு, தலைத்துண்டின் வெளி முனையில் ஒரு தடைக்கட்டையை முட்டுக் கொடுங்கள். உங்கள் பலகை 75 மி.மீ. அகலம், நட்டுப் பகுதியில் கழுத்து 45 மி.மீ.-க்கு மேல் போகாது. இரு ஓரங்களிலும் வெட்டி எறியப்போகிற அந்தக் கழிவு மரத்தில் சிறு துளையிட்டு, மூங்கில் முளை இரண்டை அடித்துவிட்டால் துண்டு அசையவே அசையாது. பசையின் மேல் நாலு உப்புக்கல்லைத் தூவுவது சிலருடைய வழக்கம். அதுவும் நழுவலைக் குறைக்கும். நான் முளையைத்தான் நம்புகிறேன்.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுவல்ல. 3 மி.மீ. நழுவியதற்காகவும் ஒரு டிகிரி திரும்பியதற்காகவும் இந்தக் கழுத்தை எறிய வேண்டிய தேவை இல்லவே இல்லை. சரிவின் வழியே 3 மி.மீ. இறங்கினால் உயரத்தில் 0.8 மி.மீ.தான் குறையும். நீளத்துண்டின் மேற்பரப்பை அந்த அளவுக்கு இழைத்தால் இரண்டும் ஒரே தளத்துக்கு வந்துவிடும். திரும்பலும் அப்படியே. தலைத்துண்டின் தடிப்பு எங்கும் ஒரே சீராக இருந்தால், பசைத்தளத்துக்குள் அது எவ்வளவு திரும்பினாலும் தலையின் முகம் அதே தளத்தில்தான் இருக்கும். மேற்பரப்பை மட்டமாக இழைத்து முடித்ததும், கழுத்தும் தலையும் கூடும் மடிப்புக்கோடு நடுக்கோட்டுக்குச் செங்குத்தாகத் தானே வந்து நின்றுவிடும். 180 மி.மீ. நீளத்தில் ஒரு டிகிரிக்குத் தலையின் நுனி 3 மி.மீ. விலகும், பலகையில் அகலம் மிச்சமிருப்பதால் வார்ப்புருவைக் கழுத்தின் நடுக்கோட்டுக்கு வைத்து வரைந்துகொள்ளலாம்.

உங்கள் கழுத்தைக் கெடுத்தது அந்த நகம் இறங்குகிற இடைவெளிதான். கம்பிகள் தலையை முன்னால் இழுக்கும்போது நட்டுப் பகுதியின் மேற்புறம் அமுங்குகிறது, முதுகுப்புறம் விரிகிறது. விரிகிற பக்கத்தில், அதுவும் கூர்விளிம்பில், பசை இல்லாமல் திறந்து கிடப்பது நல்லதல்ல. பசையையும் மரத்தூளையும் குழைத்து அடைத்தால் பார்வைக்கு மறையும்; பலம் வராது. இணைப்பைப் பிரித்து, மீண்டும் இழைத்து ஒட்டுவதே முறை. பசைக்கோட்டின் வழியே மெல்லிய ரம்பத்தால் அறுத்துவிடுங்கள். சரிவில் 2 மி.மீ. மரம் போனால் நீளத்துண்டில் 8 மி.மீ. குறையும், உங்களிடம் 800 மி.மீ. இருக்கிறது. தலைத்துண்டை எப்படியும் 16 மி.மீ.-க்கு மெலிய வைக்கப் போகிறீர்கள். அந்த நான்கு மி.மீ.யையும் பழைய பசை படிந்த முகத்திலிருந்தே இழைத்துவிட்டால் ஒரே வேலையில் இரண்டும் முடியும்.

இடைவெளி வந்ததற்குக் காரணம் பெரும்பாலும் இழைப்புளி விளிம்பில் கவிழ்ந்து, சரிவு லேசாக உருண்டையானதுதான். கூர்விளிம்பு காகிதம் போல் மெலிந்திருப்பதால் அடியில் தாங்கல் இல்லாவிட்டால் அது இழைப்புளிக்குக் கீழே வளைந்து கொடுக்கும். ஆகவே, விளிம்புவரை முட்டுக்கொடுக்கும் தட்டைப் பலகை ஒன்றை அடியில் வையுங்கள். தலைத்துண்டைப் புரட்டி நீளத்துண்டின் மேல் படிக்கட்டு போல் அடுக்கி, இரு சரிவுகளும் ஒரே தளமாகத் தெரியும்படி இறுக்கிக்கொண்டு, இரண்டையும் சேர்த்தே இழையுங்கள். தளம் நீளமாக இருப்பதால் இழைப்புளி ஆடாது. கண்ணாடித் தகட்டில் உப்புத்தாளை ஒட்டித் தேய்ப்பவர்களும் உண்டு. அதில் ஓரம் உருளும் அபாயம் அதிகம் என்பது என் அனுபவம். கடைசியில் இரண்டு முகங்களையும் பசை இல்லாமல் சேர்த்துப் பிடித்து, பின்னால் டார்ச் விளக்கைக் காட்டிப் பாருங்கள். வெளிச்சம் கசிந்தால் பசை டப்பாவைத் திறக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்: கம்மனஹள்ளி மரத்தூள்

மூவருக்கும் மிகுந்த நன்றி. நழுவியதைத்தான் பெரிய குற்றமாக நினைத்துக்கொண்டிருந்தேன்; இடைவெளியை மரத்தூள் போட்டு அடைத்துவிடலாம் என்று அசட்டையாக இருந்தேன். நல்லவேளை கேட்டேன்.

இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. நான் முதலில் பயன்படுத்தியது வீட்டில் இருந்த சாதாரண வெள்ளைப் பசை. அதுவே போதுமா, அல்லது எபாக்சிக்குப் போக வேண்டுமா? மற்றொன்று, படகு கட்டுகிறவர்கள் சாய்வொட்டின் நீளம் பலகைத் தடிப்பைப் போல் 8 மடங்கு, 12 மடங்கு இருக்க வேண்டும் என்கிறார்கள். நம்முடையதோ 4 மடங்குகூட இல்லை. இது எப்படித் தாங்குகிறது?

பதில்: சாய்தளம்

படகுக் கணக்கு சரியானதுதான். ஆனால் அது பலகையின் முழு இழுபலத்தையும் இணைப்பு தாங்க வேண்டும் என்ற நோக்கில் வந்த கணக்கு. பாய்மரமோ படகின் பக்கப்பலகையோ தன் பலத்தின் எல்லைவரை வளைகிறது. கிட்டார்க் கழுத்தின் தடிப்பை நாம் பலத்துக்காக மட்டும் முடிவு செய்வதில்லை. கைக்கு அடக்கமாக இருக்க வேண்டும், வளையாமல் விறைப்பாக நிற்க வேண்டும் என்றுதான் வைக்கிறோம். அதனால் மரம் தன் பலத்தில் சிறு பங்கைத்தான் செலவழிக்கிறது. கடைந்து முடித்த பிறகும் ஏறத்தாழ 58 மி.மீ. நீளமும் 45 மி.மீ. அகலமும் உள்ள பசைப்பரப்பு மிஞ்சும். கழுத்துக்குள் புதைக்கும் டிரஸ் ராடு என்ற உலோகத் தண்டுக்காக வெட்டும் காடி அதில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். மேலே ஃபிரெட்போர்டு குறுக்கே ஒட்டப்பட்டு, கூர்விளிம்பைப் பிடித்துக்கொள்கிறது. 4 மடங்கு போதுமா என்று இன்னும் மனம் உறுத்தினால் 13 டிகிரிக்கு இறங்குங்கள். பசைக்கோடு நீளும், கம்பி நட்டில் அமர்வதற்கும் குறைவிருக்காது.

பதில்: அல்சூர் பட்டறை

பசையைப் பொறுத்தவரை, நன்றாகப் பொருந்திய முகங்களுக்கு மர வேலைக்கான நல்ல பசை எதுவும் தாங்கும். பொருந்தாத முகங்களுக்கு எந்தப் பசையும் துணை நிற்காது. நான் டைட்பாண்ட் ஒரிஜினல் பயன்படுத்துகிறேன். கிளாம்பை அரை மணி நேரத்தில் எடுத்துவிடலாம் என்று டப்பாவில் போட்டிருந்தாலும், இந்த இணைப்பை நான் ஓர் இரவு முழுவதும் விட்டுவைப்பேன். 24 மணி நேரத்துக்கு அதில் பளு ஏற்றுவதில்லை. வெள்ளைப் பசையின் குறை, தொடர்ந்து இழுவை இருக்கும்போது, குறிப்பாகச் சூட்டில், மெல்ல மெல்ல இளகிக் கொடுப்பது. ஏப்ரல் மாத மதியத்தில் மூடிய காருக்குள் கிட்டாரை விட்டுவிட்டுப் போகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள் அல்லவா? தேக்கு போல எண்ணெய்ப்பசை உள்ள மரமாக இருந்தால், ஒட்டுவதற்குச் சற்று முன்பு அசிட்டோனால் துடைத்துவிட்டு, மெதுவாக இறுகும் எபாக்சியை நான் எடுப்பேன். ஐந்து நிமிடத்தில் இறுகுகிற எபாக்சி இந்த இடத்துக்கு வேண்டாம்.

சரிவு முகத்தில் நார்முனைகள் ஓரளவு திறந்திருப்பதால் அது பசையை உறிஞ்சும். முதலில் மெல்லியதாக ஒரு பூச்சுப் பூசி, இரண்டு நிமிடம் ஊற விட்டு, பிறகு உண்மையான பூச்சைப் பூசுங்கள். கிளாம்பை ஒரேயடியாக முறுக்காமல், முதலில் லேசாகப் பிடித்து, ஓரமெங்கும் பசை முத்து முத்தாக எட்டிப் பார்க்கிறதா என்று கவனித்துவிட்டு இறுக்குங்கள். முதுகுப்பக்கக் கூர்விளிம்பின் மேல் நேரடியாக ஒரு கிளாம்ப் இருக்கட்டும். போன முறை அது இல்லை என்றே நினைக்கிறேன்.

ஒட்டி முடித்த மறுநாளே மேற்பரப்பை மட்டம் செய்ய வேண்டாம். பசையிலுள்ள நீர் கோட்டின் இருபுறமும் மரத்தைப் பருக்க வைத்திருக்கும். அப்போதே இழைத்தால், ஈரம் வற்றிய பிறகு அந்த இடம் பள்ளமாக இறங்கி, பாலிஷுக்கு மேலும் கோடாகத் தெரியும். ஒரு வாரம் விடுங்கள். இப்போது மழைக்காலம் என்பதால் பத்து நாள் விட்டாலும் நல்லது. காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காடாக இருக்கும்போது மரம் ஏறத்தாழ 12 விழுக்காடு ஈரத்தோடு இருக்கும். 40-க்கு இறங்கினால் மரம் 8-க்குப் பக்கத்தில் வந்துவிடும். பெங்களூரில் ஜூலைக்கும் மார்ச்சுக்கும் இடையில் இந்த அளவுக்கு ஊசலாட்டம் உண்டு.

கேள்வி கேட்டவர்: கம்மனஹள்ளி மரத்தூள்

மூன்று வாரத்துக்குப் பிறகு எழுதுகிறேன். பழைய இணைப்பை அறுத்துப் பிரித்தபோது, சாய்தளம் அவர்கள் சொன்னதே கண்ணெதிரில் தெரிந்தது. நடுவில் பசை நன்றாகப் பிடித்திருந்தது. முதுகுப் பக்கம் கடைசி 10 மி.மீ.-இல் பசை தடித்துப் பளபளவென்று உறைந்து கிடந்தது. அங்கே மரமும் மரமும் ஒன்றையொன்று தொடவே இல்லை.

முதலில் கழிவுத் துண்டுகளில் ஒரு மாதிரி இணைப்பைச் செய்து, இரண்டு நாள் கழித்து வைஸில் பிடித்து, கையால் வளைத்து உடைத்துப் பார்த்தேன். பசைக்கோடு விடவில்லை, அதற்குப் பக்கத்து மரம் பிளந்து, நார்கள் எதிர் முகத்தில் அப்பிக்கொண்டு வந்தன. உடைந்த துண்டுகளை மேஸ்திரியிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன பசை இது?" என்று மட்டும் கேட்டார்.

பிறகு தலைத்துண்டை 16 மி.மீ.-க்கு இழைத்து, முளை இரண்டு, ஆப்பு, தடைக்கட்டை எல்லாம் வைத்து ஒட்டினேன். இம்முறை துண்டு நழுவவில்லை. பத்து நாள் விட்டு மேற்பரப்பை 0.4 மி.மீ. இழைத்தேன், அதற்குள் மடிப்புக்கோடு 1.5 மி.மீ. தலைப்பக்கம் நகர்ந்துவிட்டது. நட்டின் இடத்தை முன்கூட்டியே குறித்து வைக்காதது நல்லதாயிற்று. பசைக்கோட்டின் மேல்முனை முதல் ஃபிரெட்டுக்கும் இரண்டாவது ஃபிரெட்டுக்கும் இடையில்தான் விழுகிறது. தலை முகத்தில் 2 மி.மீ. ஈட்டி மர வெனீர் ஒட்ட எண்ணியிருக்கிறேன்; அதனால் மடிப்புக்கோடு மறுபடியும் நகருமா?

பதில்: சாய்தளம்

நகரும், அதுவும் இம்முறை எதிர்ப்பக்கம். தலை முகம் 2 மி.மீ. உயர்ந்தால், அது கழுத்தின் தளத்தைச் சந்திக்கிற கோடு ஏறத்தாழ 8 மி.மீ. உடல் பக்கமாக வரும். எனவே மரத்திலுள்ள மடிப்பை இனி அளவாகக் கொள்ள வேண்டாம். வெனீரை ஒட்டிய பின் அதன் விளிம்பை நட்டின் பின்சுவராக நேராக வெட்டி, நட்டின் தடிப்பை விட்டு, அதன் முன்னால் ஃபிரெட்போர்டின் முனை வரும்படி வையுங்கள். ஃபிரெட் அளவுகள் எல்லாம் அந்த முனையிலிருந்தே தொடங்குகின்றன.